கார்ட்டூமில் சுஜிதனை அடக்கம் செய்த இடம்

பெயர்: இராயப்பு டெனிஸ்ரன். வயது: 44. தொழில்: மின்பிறப்பாக்கி திருத்துநர். சமயம்: றோமன் கத்தோலிக்கம். முகவரி: சுருவில் வீதி, ஊர்காவற்றுறை. நெடுந்தீவைச் சேர்ந்த கதிர்காமு சுஜிதன் என்பவரின் மரணத்தைப் பதிவு செய்யக் கோரி அவரது மனைவி பிரியவதனி நீதிமன்றத்தில் செய்த விண்ணப்பம் தொடர்பாக நான் அழைக்கப்பட்டு, சுயவிருப்பின் பேரில் கூறுவதாவது:

நான் சூடான் நாட்டின் தலைநகரான கார்ட்டூமில் ஒரு கோதுமை மா ஆலையில் வேலை செய்தேன். சுஜிதன் பின்னர் அங்கே வேலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துத் தீவார் என்பதால் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இத்ரீஸ் தனியாக இருந்தார். 2023 ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அந்நாட்டு இராணுவமும் அதுவரை அதனுடன் சேர்ந்திருந்த துணைப்படையும் அதிகாரத்துக்காகத் தமக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கின. அதன் பின்னர் ஆலை பூட்டப்பட்டது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நின்றுவிட்டன. தெருவில் நிற்பது எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருந்தது.

தொட்டித் தண்ணீர் முடிந்த பின்னர் நானும் சுஜிதனும் தண்ணீர்க் கான்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருப் பள்ளிவாசலுக்குப் போனோம். திரும்பி வரும்போது ஒரு மாடியிலிருந்து சுட்டார்கள். சுஜிதனுக்கு வயிற்றில் பட்டது. சுட்டவர்கள் எந்தத் தரப்பு என்று எனக்குத் தெரியாது. இத்ரீஸ் ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து கீழ்வீட்டில் கிடத்தினோம். ஆஸ்பத்திரிகள் எல்லாம் மூடியிருந்தன. சுஜிதனுக்குப் பின்னேரம் வரை நினைவு இருந்தது. "அண்ணை, முகத்தில வெயில் படுது, கொஞ்சம் தள்ளிவிடுங்கோ" என்றார். யன்னல் வெயில் நகர நகர அவரைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தேன். வெயில் சுவருக்கு ஏறின பிறகும் கேட்டார். அதன் பின்னர் இறந்துவிட்டார்.

அவர் சைவம், எரிக்க வேண்டும் என்று இத்ரீஸுக்குச் சொன்னேன். புகை எழும்பினால் இந்த வீட்டுக்குக் குண்டு போடுவார்கள் என்று அவர் சொன்னார். மயானத்துக்குப் போகும் வீதியும் அடைபட்டிருந்தது. அதனால் வளவுக்குள் கிடங்கு வெட்டினோம். தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று இத்ரீஸ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கிழக்கே, வெகுதூரம் என்றார். தலையைக் கிழக்கே வைத்தோம். அவர் தன்னுடைய ஓதலை ஓதினார், நான் என்னுடைய செபத்தைச் சொன்னேன். சுஜிதனுடைய சமயத்தில் சொல்ல வேண்டியது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதன் பின்னர் நான் பஸ்ஸிலும் கப்பலிலுமாகத் தப்பி நாட்டுக்கு வந்து, முதலில் நெடுந்தீவுக்குப் போய் சுஜிதனின் மனைவிக்கும் தகப்பனாருக்கும் நடந்ததைச் சொன்னேன். பிரியவதனி, "ஏன் அண்ணை எரிக்கேல்லை?" என்று மட்டும் கேட்டார். வெளிநாட்டவர் பலர் சூடானில் சிறையில் இருப்பதாக யாரோ பிறகு தகப்பனாருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து, "தம்பி, கண்டனான் எண்டு நீர் சொன்னால்தான் என்ரை பிள்ளை செத்தவன். சொல்லாதையும்" என்றார். "ஐயா, நான்தான் மண் போட்டனான்" என்று சொன்னேன். கதிரை எடுத்து வைத்தேன், அவர் இருக்கவில்லை. படகுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அடக்கம் செய்த இடம் இத்ரீஸின் வீட்டின் பின்வளவில், தண்ணீர்த் தொட்டிக்கும் தேசி (எலுமிச்சை) மரத்துக்கும் இடையில். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. வீட்டை விட்டுப் போகப் போவதாக இத்ரீஸ் கடந்த வருடம் தொலைபேசியில் சொன்னார். அதன் பின்னர் அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. இப்போது அந்த இடம் எனக்கு மட்டுமே தெரியும். அதனால் இதை விளக்கமாக எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) இ. டெனிஸ்ரன்