தலைப்பை மாற்றச் சொன்னவருக்கு

ஆலோசனைத் துறையில் ஏழாண்டு உழைத்தவரே, பதவி உயர்வைவிட, தாம் சொன்ன சொல்லைப் பெரிதாக வைத்தவரே, வாகனக் கடன் நிறுவனமொன்றின் வியூகப் பிரிவுத் தலைவராகப் பொறுப்பேற்கச் செல்லும் எங்கள் சீதாலட்சுமி அவர்களே, வணக்கம்.

இந்த வழியனுப்பு விழாவில் நிர்வாகம் ஆங்கிலத்தில் வாசித்த பாராட்டை இப்போதுதான் கேட்டோம். அதில் வேறு எவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இந்த மடல் உங்களைத் தவிர எவருக்கும் பொருந்தாது. இதை எழுதுவது, இந்த வைட்ஃபீல்ட் அலுவலகத்திலிருந்து நீங்கள் கிளம்பும் நேரத்தில் உள்ளே வந்து, உங்கள் அறிக்கைகளை வடிவமைத்து அச்சிட்டுத் தரும் இரவுப் பணிக்காரர்கள்.

விருந்தினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அறிக்கையின் தலைப்பைத்தான் முதலில் எழுதுவோம். முடிவு மேலே இருக்கும். அதற்கான கணக்கு பிறகு வந்து கீழே உட்காரும். பெரும்பாலும் சரியாகவே உட்காரும். நீங்கள் இப்போது போகும் அதே நிறுவனத்துக்காக நாம் செய்த அறிக்கையில் மட்டும் உட்காரவில்லை.

‘நட்டத்தில் ஓடும் கிளைகளை மூடுக’ என்பது தலைப்பு. மூட வேண்டிய பட்டியலில் முதலில் இருந்தது பொம்மனஹள்ளி கிளை. யாரும் சொல்லாமலே அங்கே போய் ஒரு பகல் முழுக்க இருந்தீர்கள். ஆட்டோவுக்கும் சரக்கு வண்டிக்கும் கடன் கேட்டு வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் நிற்கும் கிளை எப்படி நட்டத்தில் ஓடும் என்று கேட்டீர்கள். கடனிலிருந்து வரும் வட்டியெல்லாம் தலைமை அலுவலகக் கணக்கில் ஏறுகிறது, வாடகையும் சம்பளமும் மட்டும் கிளையின் தலையில் நிற்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. மூடச் சொல்லியிருந்த மற்றக் கிளைகளின் கதையும் அதுவே.

அந்த நிறுவனத்தாரிடம் அறிக்கையை வைக்கும் கூட்டத்துக்கு முந்தைய மாலை எங்களிடம் வந்து, தலைப்பை மாற்ற வேண்டும் என்றீர்கள்.

“பைண்டிங் போட்டாச்சு மேடம், இப்ப வந்து சொல்றீங்களே,” என்று எங்கள் சொர்ணம் முறைத்தார்.

“குடுங்க, நானும் உக்காந்து பிரிக்கிறேன்,” என்றீர்கள்.

நம் இயக்குநர் உமேஷ் அவர்கள் மேடையில்தான் இருக்கிறார். நாங்கள் சொல்வது தவறானால் திருத்தலாம். கிளைகளை மூடப்போவதாக அந்த நிறுவனத்தின் தலைவர் தம் இயக்குநர் குழுவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இப்போது மாற்றினால் வேலை கைவிட்டுப் போகும் என்று உமேஷ் அவர்கள் எடுத்துச் சொன்னார். உங்கள் பதவி உயர்வையும் நினைவூட்டினார். தப்பென்று தெரிந்ததைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லமாட்டேன் என்றீர்கள்.

“சரி, மாத்து. கிளையன்ட் போனா உன் பேரைத்தான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க சார்.”

கிளையன்ட் போனார். உமேஷ் அவர்களும் நிர்வாகத்திடமும் அந்த நிறுவனத்திடமும் உங்கள் பெயரைச் சொன்னார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தீர்கள்.

ஓராண்டு கழித்து அந்த நிறுவனம் தன் கணக்கைத் திருத்திப் பார்த்தது. கிளைகள் மூடப்படவில்லை. வியூகப் பிரிவுக்கு ஆள் தேடியபோது, இங்கிருந்து அவர்களுக்கு நினைவில் நின்ற பெயர் உங்களுடையது மட்டும்தான். அந்த வகையில் உமேஷ் அவர்களுக்கும் எங்கள் நன்றி.

சம்பளம் பெரிது என்கிறார்கள். பெரிதாகவே இருக்கட்டும். பணத்துக்காகப் போகிறார் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து வேலையில் சேர்ந்த பெண், தன் மதிப்பு இவ்வளவு என்று கேட்டு வாங்கியதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆலோசகர் யோசனையைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். இனி உங்களால் அப்படி முடியாது. எடுக்கும் முடிவு உங்களுடையது. அது நன்றாகப் போனாலும் நாறிப்போனாலும் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு உங்களைவிடத் தகுந்தவரை நாங்கள் பார்த்ததில்லை.

நோயில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி நெடுங்காலம் வாழுங்கள். என்றாவது ஒருநாள், உங்களைவிட வயதில் சிறியவர் ஒருவர், எல்லாம் முடிந்தபின் வந்து உங்கள் முடிவு தப்பு என்பார். எரிச்சல் வரும். வரட்டும். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.

என்றும் உங்கள்,
இரவுப் பணி வடிவமைப்புப் பிரிவினர்
வைட்ஃபீல்ட், பெங்களூரு