முப்பத்தொரு குச்சி

சாயங்காலம் ஐந்து மணி. கும்மிருட்டு. நவம்பர் கடைசி வாரம், டாசன் ஊரில், யூக்கான் ஆற்றங்கரை. பாதை என்று அங்கே தனியாக ஒன்றும் கிடையாது... ஆறுதான் பாதை. அதுவும் உறைந்து ஆறே நாள் ஆன ஆறு.

கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, சொல்லிவிட்டேன். போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாளே லோரெய்ன், அவளுடைய சித்தி மகள் கோரினுக்கு நடந்தது. லோரெய்னுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இதை என்னிடம் சொன்னபோது அவள் காது வெளுத்துப் போயிருந்தது.

கோரின் இந்த ஊர்ப் பெண்தான். கொள்ளுத்தாத்தா தங்கம் தோண்ட வந்து, ஒரு குண்டுமணி கூடக் கிடைக்காமல், திரும்பிப் போக வெட்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவர். நம்மில் பாதிப் பேருக்கு அதே கதைதானே. கோரின் மட்டும் குளிர் தாங்காமல் வான்கூவருக்கு ஓடிவிட்டாள். அக்காள் டெல்பினுக்குத் தலைப்பிரசவம் என்று லீவு போட்டு வந்திருந்தாள். வந்தவள் இக்கரையில், அக்காள் அக்கரையில். நடுவில் ஆறு.

படகு ஓடுவது நிற்பதற்குள் ஊருக்கு வந்துவிடு என்று டெல்பினிடம் எத்தனை பேர் சொன்னார்கள்! கேட்டாளா? புருஷன் வடக்கே சுரங்க முகாமில். "பதினோரு நாய் இருக்கு, அதுங்கள யாரு பாப்பா? இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள ஐஸ் கெட்டியாயிரும்" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வயிற்றில் இருப்பதற்கு நம் கணக்கெல்லாம் தெரியுமா?

அன்று மூன்றரை மணிக்கு, இரு கரைக்கும் பேசிக்கொள்கிற ரேடியோவில் டெல்பின் குரல்.

"தண்ணி உடைஞ்சிருச்சு கோரின்... வலி விட்டு விட்டு வருது. யாராச்சும் வாங்களேன்."

மைனஸ் நாற்பத்திரண்டு. மூச்சு விட்டால் காதோரம் பொடியாகி உதிர்கிற குளிர். இருபது எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம் வேறு. ஹெலிகாப்டர் எழும்பாது. நடந்து போனால்தான் உண்டு.

நம் ஊரில் ஆறு உறைந்தால் யார் முதலில் கால் வைப்பது என்று ஒரு முறை இருக்கிறதல்லவா. அப்போதெல்லாம் ஹால்வர் கிழவர்தான். கடப்பாரையால் குத்திக் குத்திச் சத்தம் கேட்டு, நல்ல ஐஸ் இருக்கிற இடமாகப் பார்த்து, பதினைந்து அடிக்கு... இல்லை, பதினைந்து எட்டுக்கு ஒரு குச்சி நடுவார். குச்சித் தலையில் சிவப்புத் துணி. அந்த வருஷம் முப்பத்தொரு குச்சி.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. குச்சிக்கு ஒரு ஆள். முன்னால் போகிறவர் ஒரு குச்சிக்குப் போய் நின்று "இருக்கியா?" என்று கூப்பிட வேண்டும். பின்னால் வருகிறவர் முந்தின குச்சியைத் தொட்டுக்கொண்டு "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த குச்சிக்கு நகரலாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. நெற்றி விளக்கு அந்தப் பக்கம் திரும்பினால் அடுத்த குச்சி மூட்டத்தில் தொலைந்துவிடும், பிறகு ஆளும் தொலைந்துபோவார். கண் முன்னால், காது பின்னால். அவ்வளவுதான்.

கரையில் கோரினோடு நின்றவள் பெர்னிஸ். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கனத்த உடம்பு, கனத்த வாய், ஓயாத சிகரெட், தோளில் பிரசவச் சாமான் பை. ஊரில் பாதிப் பேரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள்தான்.

"காலையில போலாம்," என்றார் ஹால்வர். "பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல சத்தம் சரியில்ல. குத்துனா டங்குனு கேக்கணும். தொப்புங்குது."

"காலையில அந்தப் புள்ள பள்ளிக்கூடமே போயிரும். வழிய விடுய்யா."

"பெர்னிஸ், வெளையாடாத."

"நானா வெளையாடுறேன்? அங்க ஒருத்தி தனியாக் கெடக்கா. நீ வர வேணாம், உன் தொந்தியும் சேந்துச்சுன்னா ஆறு தாங்காது."

ஹால்வர் சிரிக்கவில்லை. தன்னிடமிருந்த ஒரே நீளக் கழியை நீட்டினார். விழுந்தால் குறுக்கே பிடித்துத் தொங்குவதற்கு. பெர்னிஸ் அதை வாங்கிக் கோரின் கையில் திணித்தாள்.

"முன்னாடி போறவளுக்குத்தான் கழி. போடி."

கிளம்பினார்கள். ஒன்று... இரண்டு... மூன்று. காலடியில் ஐஸ் முனகியது. எங்கேயோ அடியில் தண்ணீர் ஓடுகிற சலசல சத்தம்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்... ஹ்ஹ்... எங்க போயிரப் போறேன்."

ஐந்து... ஆறு...

"இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். முட்டிதான் இல்ல... ஹ்ஹ்."

ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் அந்த இளைப்பு. நெஞ்சில் விசில் ஊதுகிற மாதிரி. கோரினுக்கு அதைக் கேட்கக் கேட்கத் தைரியமாக இருந்தது.

பதிமூன்றாவது குச்சியில் நிற்கும்போது அக்கரையிலிருந்து ஒரு அலறல். குளிரில் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரிக் கேட்கும், தெரியுமல்லவா. டெல்பின். ஒரு தடவை... நிறுத்தி... இன்னொரு தடவை. மனுஷக் குரல் மாதிரியே இல்லை.

கோரின் ஓடினாள். பதினாலில் நின்றாள், கூப்பிட்டாள், பதில் வந்ததா என்று நினைவில்லை. பதினைந்தில் நிற்கவேயில்லை. பதினாறுக்கு ஓடும்போது பின்னால் ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. அலமாரிக் கதவை யாரோ மெதுவாகச் சாத்துகிற மாதிரி... தொப்.

நின்றாள்.

"பெர்னிஸ்? இருக்கீங்களா?"

ஒன்றுமில்லை. ஆறு மட்டும் முனகியது.

"பெர்னிஸ்!"

"இருக்கேன்."

அப்பாடா. கோரினுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, வந்த வேகத்தில் இமையில் உறைந்தும் விட்டது. நடந்தாள். பதினேழு. "இருக்கீங்களா?" "இருக்கேன்." பதினெட்டு. "இருக்கேன்." இருபத்திரண்டு. "இருக்கேன்."

இருபத்தைந்து தாண்டித்தான் அவளுக்கு உறைத்தது. இளைப்பு இல்லை. கேலி இல்லை. ஒரே சொல், ஒரே மாதிரி. பதினைந்து எட்டுத் தள்ளி வர வேண்டிய குரல்... பிடரிக்குப் பக்கத்திலிருந்து வந்தது. காலடிச் சத்தமும் இல்லை. நொறுக் நொறுக் என்று கேட்பது அவளுடைய காலடி மட்டும்தான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவள் சட்டத்துக்காகத் திரும்பாமல் இருக்கவில்லை. பயந்து போய்த்தான் திரும்பவில்லை. அதை லோரெய்னிடம் அவளே சொன்னாள்.

முப்பத்தொன்று. கரை. ஏறி நின்று, அப்போதுதான் திரும்பினாள். வெள்ளை மூட்டம். விளக்கு வெளிச்சமும் இல்லை.

"சீக்கிரம் வாங்க பெர்னிஸ்!"

"நீ போ. அவளப் பாரு. நான் வரேன்."

போனாள். வேறென்ன செய்வாள்? மேலே அக்காள் கத்திக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் பதினோரு நாய்கள். ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற நாய்கள். அன்று ஒன்றும் குரைக்கவில்லை. சங்கிலி எட்டுகிற மட்டும் பின்வாங்கி, கூண்டுக்கடியில் சுருண்டு கிடந்தன.

உள்ளே கரிப்புகை, ரத்த வாடை. டெல்பின் அடுப்போரம் தரையில் மெத்தையைப் போட்டுக் கிடந்தாள். கோரின் விளக்கைப் பிடித்துக் கீழே பார்த்தாள். தலை இல்லை. ஒரு பாதம். நீலமாக, கட்டைவிரல் அளவுக்கு... ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

"கோரின்... ஏதாச்சும் பண்ணு. செத்துரும்டி அது."

கோரின் வங்கியில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு என்ன தெரியும்? கையைப் பிசைந்துகொண்டு அழுதாள்.

கதவு திறந்தது. பெர்னிஸ்.

தொப்பி முகம் வரைக்கும் இழுத்துக் கட்டியபடி. உடுப்பு முழுக்க ஐஸ், நடக்கும்போது கண்ணாடிச் சில்லு மாதிரிக் கலகலத்தது. அவளோடு சேர்ந்து ஒரு வாடையும் உள்ளே வந்தது. ஆற்றடிச் சேறு, துருப்பிடித்த இரும்பு.

"பை எங்க?" என்றாள் கோரின்.

"ஆத்துல."

கோட்டைக் கழற்றவில்லை. அதன் கைகளை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தடித்த துணி, இடது கை மடிப்பு சரிந்து சரிந்து இறங்கியது. "ஊக்கு இருந்தா குத்து," என்றாள். குழந்தைக்கென்று எடுத்து வைத்திருந்த துணிகளிலிருந்து ஒரு ஊக்கை உருவிக் கோரின் குத்திவிட்டாள். குத்தும்போது விரல் பெர்னிஸின் தோலில் பட்டது. கல். வெளியிலிருந்து வந்தவள் கை, குளிரத்தானே செய்யும் என்று நினைத்தாள்.

"ஐயோ... சில்லுனு இருக்கு... கைய எடுக்கச் சொல்லு!" என்று டெல்பின் துடித்தாள்.

பெர்னிஸ் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ திருப்பினாள், இன்னொரு காலைத் தேடி எடுத்தாள், இடுப்பு, தோள், ஒவ்வொன்றாக... அவசரமே இல்லாமல். கடைசியில் தலை. பெண் குழந்தை. தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றி, முகம் கருநீலம். அழவில்லை. அசையவில்லை.

பெர்னிஸ் கொடியை எடுத்துவிட்டு, குழந்தையைக் கோரினிடம் நீட்டினாள்.

"வாயில வாய் வெச்சு ஊது. மெதுவா."

"நீங்க ஊதுங்க! எனக்குத் தெரியாது!"

"நீ ஊதுடி. எங்கிட்ட மூச்சு இல்ல."

கோரின் ஊதினாள். ஒன்று... இரண்டு... ஏழாவதோ எட்டாவதோ. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வீடு அதிர ஒரு வீறல்.

அக்காளும் தங்கையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெர்னிஸ் கொடியைக் கட்டி அறுத்தாள். செக்கச் சிவந்த அடுப்புக்கு இரண்டடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கோரின் டீ வைக்க எழுந்தபோது ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கோட்டில் ஒட்டியிருந்த ஐஸ்... ஒரு சொட்டுக் கூட உருகியிருக்கவில்லை.

"உடுப்ப மாத்திக்கங்க பெர்னிஸ். காய்ச்சல் வரும்."

"கைய கழுவிட்டு வரேன்," என்று பெர்னிஸ் வெளியே போனாள். டீ ஆறியது. அவள் வரவில்லை. பிறந்த குழந்தையையும் ரத்தம் போகிற அக்காளையும் விட்டுவிட்டு யாரால் தேடப் போக முடியும்? பக்கத்தில் காலியாகக் கிடக்கிற குடிசையில் படுத்துவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலை பத்தரைக்கு வெளுத்தது. ஹால்வர் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, குச்சி வரிசையின் நடுப்பகுதியை மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டும் உள்ளே வரவில்லை.

"பெர்னிஸ எங்க விட்ட?"

"ராத்திரி இங்கதான் இருந்தாங்க. அவங்கதான் பிரசவம் பாத்தாங்க."

"பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு ஓட்டை," என்றார். "மூடி ரெண்டு விரக்கடை ஐஸ் கட்டியிருக்கு. ஓரத்துல பை கெடக்கு. அதுக்கு இந்தப் பக்கம் உன் கால்தடம் மட்டுந்தான் வருது."

கோரின் வாசலைப் பார்த்தாள். படியில் படிந்த பனியில் அவளுடைய தடம் உள்ளே வந்திருந்தது. வேறெதுவும் வரவும் இல்லை, போகவும் இல்லை.

"குச்சிக்கு ஒரு ஆள்னு சொன்னேனேடி..." என்று கிழவர் அப்படியே பனியில் உட்கார்ந்து அழுதார். "நின்னு கேட்டியா? ஒவ்வொன்னுலயும் நின்னு கேட்டியா?"

"ஒன்னுல... ஒன்னுல நிக்கல," என்றாள் கோரின். நின்றிருந்தால், பதினாலில் அந்த இளைப்பைக் கேட்ட பிறகு நகர்ந்திருந்தால், கழியோடு பதினைந்து எட்டில் இருந்திருப்பாள்.

மே மாதம் ஆறு உடைந்து ஓடியது. பத்து மைல் கீழே ஒரு மணல் திட்டில் பெர்னிஸ் கிடைத்தாள். சொந்தபந்தம் யாரும் இல்லாதவள், கோரின்தான் வான்கூவரிலிருந்து வந்து அடையாளம் காட்டினாள்.

போலீஸ்காரர் இளவயசு, நல்ல மனுஷன். துணியை மெதுவாக விலக்கினார். தொப்பி முகம் வரைக்கும் கட்டியபடி. கோட்டின் ஜிப் கழுத்து வரைக்கும் போட்டபடி. கோட்டின் கைகள் இரண்டும் முழங்கைக்கு மேல் மடிந்திருந்தன.

"தண்ணி இழுத்ததுல ஏறியிருக்கும்," என்றார்.

கோரின் தலையாட்டினாள்.

"ஆனா இதுதான் எங்களுக்குப் புரியல," என்று அவர் குனிந்து இடது மடிப்பைக் காட்டினார். ஒரு ஊக்கு. மஞ்சள் பிளாஸ்டிக்கில் வாத்துத் தலை வைத்தது. ஒழுங்காகப் பூட்டியிருந்தது. "இது அவங்களோடதா?"

"இல்ல," என்றாள் கோரின். "குழந்தையோடது."