கிளிஞ்சல் மேட்டுப் பம்ளிமாஸ்

— அப்படின்னா மண்ணுல இரும்புச் சத்தே இல்லைங்கறீங்களா?

— இருக்கு தனம், நிறைய இருக்கு. சுண்ணாம்பு அதைப் பூட்டி வச்சிருக்கு. கிளிஞ்சலும் உடைஞ்ச சிமெண்டும் கொட்டி மேடாக்கின இடமில்ல இது? ஒட்டுக் கன்னு வித்தவன் எந்த வேருல பம்ளிமாஸை ஒட்டினானோ, அந்த வேருக்கு இரும்பை எடுத்துக்கத் தெரியல. இலையப் பாரு, நரம்பு மட்டும் பச்சை, மத்ததெல்லாம் மஞ்சள்.

— வேலியோரம் காட்டு எலுமிச்சை மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குதே?

— அந்த வேருக்குத் தெரியும். அதான் அதோட கன்னை மரத்துக்குப் பக்கத்துலயே நட்டேன். வேர் பிடிச்சிருச்சு. ரெண்டு தண்டையும் சீவி, சேர்த்துக் கட்டிட்டா அது மரத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும்.

— கட்டுங்களேன், யாரு வேணாங்கறா?

— கட்டுற டேப்பு தீந்து போச்சு. பொந்தியான் டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நாளைக்கு ரெங்கத்துலேருந்து அக்கா வர்றாளாம். அவ வர்றதுக்குள்ள கட்டி முடிக்கணும், இல்லன்னா நம்மளுக்கே பாடம் எடுப்பா.

— தோசை ஊத்திட்டேங்க.

— வந்து சாப்பிடறேன்லா. மூடி வை.

*

— தனம்! மரம் வெட்ட செயின்சாக்காரன் வந்து கேட்டுல நிக்கிறான். சாவியக் கொடு.

— கொடுக்க மாட்டேன், மலரண்ணி.

— ஏ புள்ள, நான் சொல்றேன் கேளு. என் தம்பிய லாரி அடிச்சுப் போட்டு மூணு மாசம் ஆச்சு. அவனும் போயிட்டான், அவன் வச்ச மரமும் வெளுத்துப் போச்சு. தினம் இதப் பாத்துப் பாத்து நீ அழணுமா? வெட்டிட்டு வாழை வைப்போம். அதையும் நானே வந்து வைக்கிறேன். வருஷம் திரும்புற வரைக்கும் நீ கன்னுல கை வைக்கக் கூடாது.

— நான் அழல. மரம் இவ்வளவு வெளுத்ததுக்குக் காரணம் தெரியுமா? காரியம் முடிஞ்ச மறுநாள் நீங்க போட்ட சுண்ணாம்பு.

— அலமாக்! ரெங்கம் எஸ்டேட்டுல உரக் கும்பலுக்கு மண்டோரா இருந்து வேலை வாங்கினவகிட்டயா சொல்ற? இலை மஞ்சளானா சுண்ணாம்பு. எத்தனை மரத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கேன்!

— அது உங்க ஊருச் செம்மண்ணு, புளிச்ச மண்ணு. அங்க சுண்ணாம்பு மருந்து. இந்தாங்க, ஊறுகாய்க்கு வாங்கின வினிகர். இந்த மண்ணு அடியில தோண்டி எடுத்தது, நீங்க போட்டது அவ்வளவு ஆழம் இறங்கியிருக்காது. ஊத்துங்க.

— ஊத்தினா என்ன, பேசவா போகுது? ...என்னடி இது, சோடா மாதிரி பொங்குது!

— கிளிஞ்சல், அண்ணி. ஏற்கெனவே சுண்ணாம்புல நிக்கிற மரம். அதுக்கு மேல நீங்க மூட்டை மூட்டையா.

— அப்போ... என் தம்பி மரத்தை நான்தான் கொன்னேனா?

— சாகல. இலையப் பாருங்க. நரம்பு இன்னும் பச்சை.

— பச்சையா இருந்து? கட்டத் தெரிஞ்சவன் போயிட்டான். நீ தொடக் கூடாது, தாலி அறுத்த கை. உன் கல்யாணத்துல ரெண்டு முடிச்சு போட்ட நாத்தனார் நான். சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

— தொட்டாச்சு. காலையிலயே எலுமிச்சைக் கன்னைச் சீவி மரத்தோட சேர்த்துட்டேன். அந்தப் பக்கம் வந்து பாருங்க.

— அடிப்பாவி! ஊரு என்ன சொல்லும்?

— ஊரு என்ன, வந்து தண்ணியா ஊத்தப் போகுது? அந்த ஆளுக்கு ஒரு டீயக் கொடுத்து அனுப்பி வைங்க. இங்க வெட்ட எதுவும் இல்ல.

— திமிருடி உனக்கு. அவன் வாங்கின டேப்பு அந்த ரோட்டோடயே போச்சு. எதை வச்சுக் கட்டின?

— பாருங்களேன்.

— என்ன இது, மஞ்சக் கயிறு... தனம். கருமாதி அன்னிக்கு இதக் கடல்ல விடச் சொல்லி உன் கையில கொடுத்தேனே!

— விடல.

— அதுவும் ஒரே முடிச்சு. பாரு, இப்பவே தளருது.

— அவர் போட வேண்டியத நான் போட்டுட்டேன். மத்த ரெண்டும் எப்பவும் போல உங்களோடது, அண்ணி.