மாலை மறைத்த காது

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர், மடியில் வாழையிலைப் பொட்டலத்தோடு, சாதாரணமாகச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கும்போதே அவர் படத்துக்கு மாலை போட்டுட்டேன்க்கா."

நான் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் திருப்பவில்லை.

"ஏம்மா அப்படிப் பண்ணே?"

"பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ரிட்டயர் ஆனதுலேருந்து பெயிண்டிங்தான். காதை அறுத்துக்கிட்டாரே ஒரு வெளிநாட்டு ஓவியர், அவர் மேல பைத்தியம். அவரை மாதிரியே காதுல கட்டோட தன்னை வரைஞ்சு ஹால்ல மாட்டிட்டாரு. நேத்து பொண்ணு பார்க்க வந்தாங்க. கழட்டச் சொன்னா கேக்கலை. கட்டு தெரியக் கூடாதேன்னு மல்லிப்பூ மாலையைப் போட்டு மறைச்சேன்."

"அப்புறம்?"

"மாப்பிள்ளையோட அம்மா படத்தைப் பார்த்துக் கண் கலங்கிட்டாங்க. அப்பா இல்லாத பொண்ணு, நகை ஒண்ணும் வேணாம்னாங்க. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலேருந்து இவர் பஜ்ஜித் தட்டோட வந்து நிக்கிறாரு."

"போச்சு. சம்பந்தம்?"

"அந்தம்மா சிரிச்சுட்டாங்க. சொன்னது சொன்னதுதானாம். பொண்ணு புடிச்சிருக்காம்."

"மாலையைக் கழட்டியாச்சா?"

"விட மாட்டேங்கிறாரு. அந்த ஓவியருக்கே செத்தப்புறந்தான் மதிப்பு வந்துச்சாம், இவருக்கு இப்பவே வந்துருச்சாம். நேத்துப் போட்ட மாலை வாடிப்போச்சு, புதுசு வாங்கிட்டு வான்னு அனுப்பியிருக்காரு."

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

"சம்பங்கி வாங்கியிருக்கேன்க்கா. ரெண்டு நாள் தாங்கும்."