சென்சார் கழற்றிய வண்டி

உட்கார நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு முதுகுவலி உண்டு. நிதானமாகவே சொல்கிறேன்.

பேட்டரி ஸ்கூட்டரை முதலில் தெருவுக்குக் கொண்டுவந்தது நாங்கள்தான். வாசலில் வண்டி நின்றால் அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்த காலம் அது. நாலே வருஷத்தில் இன்னும் ஆறு கம்பெனிகள் முளைத்தன. எல்லாரும் எங்கள் தவறுகளைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள். நாங்கள் படிக்கவில்லை. பாடம் நடத்துகிறவனுக்குப் படிக்க ஏது நேரம்?

வெயிலில் எங்கள் பேட்டரி சூடேறும். உடனே ஒரு சென்சார் மின்சாரத்தைத் துண்டிக்கும். வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மற்றவர்கள் வண்டி நிற்கவில்லை. அவர்கள் பேட்டரியையே மாற்றியிருந்தார்கள். முதலில் வந்தவன் அவ்வளவு தூரம் இறங்கிப் போக முடியுமா?

எங்கள் தலைமைப் பொறியாளர் என் தங்கையின் கணவர். உப்பிப்போன பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“மச்சான், இத புதுசா செய்யணும். எட்டு மாசம் குடுங்க.”

“எட்டு மாசத்துல நாம ரெண்டாவது ஆயிடுவோம், மாப்ள.”

“இப்பவே அஞ்சாவது, மச்சான்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவரை வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு மரியாதையாக அனுப்பிவைத்தேன். திரும்புவதற்குள் எல்லா வண்டிகளிலும் சென்சார் ஒயரைக் கழற்றச் சொன்னேன். சோதனை அறிக்கையில் அவர் கையெழுத்தை நானே போட்டேன். அவர் போடுவதைவிட அழகாகவே வந்தது.

புகார்கள் அடங்கின. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பிறகு மூன்று வண்டிகள் தீப்பிடித்தன. ஓட்டியவர்களின் கவனக்குறைவு என்று அறிக்கை விட்டேன். மறுத்துப் பேச மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நாலாவது வண்டி, என் தங்கைக்குப் பிறந்தநாளன்று நான் கொடுத்தது. “அண்ணன் கம்பெனி வண்டி, வெளிய காய விடமாட்டேன்” என்று கூடத்திலேயே நிறுத்தி சார்ஜ் போடுவாள். அன்று மத்தியானம் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தாள். மாப்பிள்ளை வேலையிலிருந்து ஓடிவந்தபோது வெளிச்சுவர்தான் மிச்சம்.

மறு வாரம் கம்பெனியை மூடினோம். கருகிய வண்டியைப் பிரித்துப் பார்த்த மாப்பிள்ளை என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “அவ வண்டியிலயாவது அந்த ஒயர விட்டு வெச்சிருக்கக் கூடாதா?”

எழுதிக்கொள்ளுங்கள், சார். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கழற்றச் சொன்னேன், அவள் வண்டியிலும். ஊராருக்கு ஒரு வண்டி, வீட்டாருக்கு ஒரு வண்டி என்று ஓரவஞ்சனை செய்ய எனக்கு மனசு வரவில்லை. தொழிலில் நான் நேர்மையானவன்.