மேடையில் எழுந்து நின்றவர்

மைக்கை வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும், குரல் தெளிவாகப் போகும். எங்கள் மீன்பிடி ஊரான புந்தா லகாஸில் திருவிழாவோ, பள்ளி ஆண்டுவிழாவோ, துறைமுகத்தில் ஐஸ் ஆலைத் திறப்போ, எதுவானாலும் நகரசபை உறுப்பினர்களை மேடையில் அறிமுகம் செய்வது என் வேலை. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. பூரிங் டீச்சர், அதாவது நான், பெயர் சொன்னால்தான் கைதட்டல் விழும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பார்க்க எளிதான வேலை போலத் தெரியும். மொத்தம் எட்டு கவுன்சிலர்கள். யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவர் முதல் கவுன்சிலர், அவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அடுத்தவரை அடுத்து. வரிசை தப்பினால் கொலைக்கோபம் வரும். நான் காய்ச்சலில் கிடந்த ஒரு வருடம் வேறொருத்தி ஐந்தாமவரை நான்காவதாக அழைத்துவிட்டாள். சுட்ட பன்றியோடு விருந்து மேசையையே கவிழ்த்துவிட்டார்கள். பெயர் சொன்னதும் ஆள் எழுந்து நின்று கையசைப்பார், கைதட்டல் ஓய்ந்ததும் உட்காருவார். வர முடியாதவர் தன் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புவார். வந்தவர் அவருக்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே பெயருக்கு எழுந்து நிற்பார். நான் உடனே 'அவருக்குப் பதிலாக' என்று சொல்லி, வந்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். அது மரியாதை. அதை நான் விட்டது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள், தம்பி. இடையில் குறுக்கிடாமல் இருந்தால் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

முதல் கவுன்சிலர் செல்சோ. வலை இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். என் மகன் டெல்ஃபின் இரண்டாவது. முதலுக்கும் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தலைநகரத்துக்காரரான உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் துணை மேயர் பாசியோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரா வாரம் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அவர் கண்ணை மூடினால் அந்த நாற்காலி தேர்தல் இல்லாமல் நேராக முதல் கவுன்சிலருக்குப் போகும். இரண்டாமவர் கைதட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டெல்ஃபினின் அப்பாவும் கவுன்சிலராக இருந்தவர். முடிதிருத்தகத்தில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது சுட்டார்கள். உடம்பைக் கழுவியது நான். ரத்தம் போய்விட்டது, காதுக்குள் போன நுரைதான் போகவில்லை. சுட்டவன் யாரென்று ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் கடைசிவரை எதிலும் முதலாவதாக வராமலே செத்தார். எனக்கு அதில் ஆத்திரம் உண்டு, மறைக்க மாட்டேன்.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு காலை உணவின்போது டெல்ஃபின் சொன்னான்: "இந்த வருஷம் எட்டு பேருக்கும் ஒரே மஞ்சள் சட்டை தைக்கிறாங்கம்மா. வரிசையா உக்காந்தா வாத்துக்கூட்டம் மாதிரி இருக்கும்."

"நல்லாத்தானே இருக்கும்," என்றேன்.

"நல்லா இருக்கும். ஆனா வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்தான்னா யாரு செல்சோ, யாரு நான்னு எப்படித் தெரியும்? நீங்க பேர் சொன்னாத்தான் தெரியும்."

"சாப்பிடறப்ப அவன் பேச்சு எதுக்கு?"

கருவாட்டு முள்ளை எடுத்துவிட்டு அவன் தட்டில் வைத்தேன். இத்தனை வயதாகியும் அவனுக்கு முள் எடுக்கத் தெரியாது. அந்த வேளையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை முழுக்க என்னுடையது. அவன் சட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே தெமியோங் வீட்டுக்கு வந்தான். டெல்ஃபினோடு சேவல் சண்டைக்குப் போகிறவன், என்னிடம் படித்து வாய்ப்பாடு தேறாதவன். கக்கத்தில் சேவலோடு சமையலறை வாசலில் நின்றான்.

"டீச்சர், எதாச்சும் காரியம் ஆகணும்னா சொல்லுங்க. அக்கரைத் தீவுல ஒரு ஆள் இருக்கான். ரொம்பப் பேச மாட்டான்."

"நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கலை டீச்சர். மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே."

அப்புறம் கேட்டேன். அக்கரைத் தீவுக்காரனுக்கு எங்கள் பேச்சு அரைகுறையாகத்தான் புரியுமாம், எங்கள் ஊரில் ஒரு முகமும் தெரியாதாம். அதனால் ஏற்பாட்டை நானே எளிமையாக அமைத்துக் கொடுத்தேன். நான் சொல்கிற முதல் பெயருக்கு யார் எழுந்து நிற்கிறாரோ அவர்தான் குறி. ஆனால் ஒரு பெயருக்குப் பின்னால் உடனே இன்னொரு பெயரைச் சேர்த்தேன் என்றால் வந்திருப்பது பதிலாள், அன்றைக்குக் காரியம் இல்லை, அவன் பேசாமல் படகு ஏறிவிட வேண்டும். ஒரு நிரபராதி சாகக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன், தம்பி. கூலி எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஒரு காசு கொடுக்கவில்லை. தெமியோங் பார்த்துக்கொண்டான். பழைய டீச்சர் மேல் அவனுக்கு அவ்வளவு நன்றி.

திருவிழா அன்று நண்பகல். கூடைப்பந்து மைதானத்துத் தகரக் கூரைக்குக் கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. மேடையில் விருந்து மேசைக்குப் பின்னால் மஞ்சள் சட்டைகள். செல்சோவின் நாற்காலியில் அவன் தம்பி லிட்டோ உட்கார்ந்திருந்தான். செல்சோவின் மனைவிக்கு அன்று காலையில் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். அண்ணன் மருத்துவமனையில் இருக்க, தம்பியைச் சட்டையோடு அனுப்பிவிட்டார்கள்.

லிட்டோ படகு எஞ்சின் மெக்கானிக். நகத்துக்குள் எப்போதும் கிரீஸ் இருக்கும். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். திக்குவாய், நாலு பேர் முன்னால் நின்றால் வேர்த்துவிடும். என்னைப் பார்த்ததும் மேடை ஓரத்துக்கு இறங்கி வந்தான்.

"டீ... டீச்சர், சீக்கிரம் முடிச்சிடுங்க. அங்க குட்டி எந்நேரமும் வந்துடும்."

"எந்திரிச்சு கையை ஆட்டு, அது போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என் பேரையும் சேத்துச் சொல்லிடுவீங்கல்ல? இல்லேன்னா பயலுங்க என்னை வருஷம் பூரா ஓட்டியே கொன்னுடுவானுங்க."

"எப்பவும் சொல்றதுதானேடா."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. சொல்வதாகத்தான் இருந்தேன். சர்பத் கடைக்குப் பக்கத்துத் தூணில், தெமியோங் சொன்ன அடையாளப்படி வெள்ளைத் தொப்பியோடு, அக்கரைத் தீவுக்காரன் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். வீணாக வந்துவிட்டானே என்றுகூட நினைத்தேன். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.

"புந்தா லகாஸ் நகரசபையின் முதல் கவுன்சிலர், மாண்புமிகு செல்சோ மாக்புஹோஸ் அவர்கள்!"

லிட்டோ எழுந்து நின்றான். அண்ணன் சட்டை அவனுக்குத் தோளில் நிற்கவில்லை.

"டேய் லிட்டோ, நீ எப்படா எலெக்‌ஷன்ல நின்ன?" என்று ஒருவன் கத்தினான்.

"உள்ள ஆள் இருக்கானா, இல்ல சட்டை மட்டும் வந்திருக்கா?" என்றான் இன்னொருவன். பெண்கள் சிரித்தார்கள். வாத்தியக்காரர்கள் தம்பட்டத்தைத் தட்டினார்கள். அந்தக் கூச்சலில் அக்கரைக்காரனுக்கு எதுவும் விளங்கியிருக்காது. அவன் என் குரலுக்குத்தான் காத்திருந்தான்.

லிட்டோவும் என் குரலுக்குத்தான் காத்திருந்தான். முகம் சிவந்து, ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'லிட்டோ, லிட்டோ' என்று எனக்கு வாயசைத்தான். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. செல்சோவைக் கொன்றால் ஊர் அழும். அழுத ஊர் அடுத்த தேர்தலில் இந்த லிட்டோவையோ அந்த மனைவியையோ தூக்கிவந்து உட்காரவைக்கும். தனக்காக வந்த குண்டைத் தம்பி வாங்கிக்கொண்டான் என்று செல்சோ உயிரோடு இருந்து நினைத்துக்கொண்டே இருந்தால், அவனே நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவான். செத்தவர் வீட்டில் மிச்சம் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அப்படி ஒரு வீட்டில் நான் வாழ்ந்திருக்கிறேன். ஆகவே நான் இரண்டாவது பெயரைச் சொல்லவில்லை. மைக்கைக் கொஞ்சம் இறக்கினேன், அவ்வளவுதான்.

முதல் குண்டு கழுத்தில் பாய்ந்தது. இரண்டாவது தாடையைப் பெயர்த்தது. லிட்டோ முன்பக்கமாகச் சாய்ந்து மேசைமேல் விழுந்தான், சோற்றுத்தட்டுகள் உருண்டன. மேசைத்துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தரைக்கு வந்தான். பல்லும் ரத்தமும் நூடுல்ஸில் கிடந்தன. உடனே சாகவில்லை. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல முயல்வது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வகுப்பில் வாசிக்கும்போதும் அவன் அப்படித்தான் மாட்டிக்கொள்வான். பொறுமையாகக் காத்திருந்தால் சொல்லிவிடுவான் என்று எனக்குப் பழக்கம். அன்று சொல்லவில்லை.

ஜனங்கள் கத்திக்கொண்டு எழுந்தார்கள். நான் மைக்கில் சொன்னேன்: "யாரும் ஓடாதீங்க. அவங்கவங்க இடத்துல உக்காருங்க. குழந்தைங்க மிதிபட்டுடும்."

உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், என் குரல் கேட்டால் கால் தானாக மடங்கும். உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே வெள்ளைத் தொப்பிக்காரன் துறைமுகத்தைப் பார்த்து நடந்து போனான். யாரும் மிதிபடவில்லை. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

என் கணக்குத் தப்பவில்லை. அடக்கம் முடிந்த கையோடு செல்சோ ராஜினாமா எழுதிக் கொடுத்தான். பெண்டாட்டியையும் பிறந்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படகு ஏறிவிட்டான். பிள்ளைக்கு லிட்டோ என்றே பெயர் வைத்தார்களாம். டெல்ஃபின் முதல் கவுன்சிலர் ஆனான். மழைக்காலத்தில் பாசியோ செத்தார், டெல்ஃபின் துணை மேயர் ஆனான். பதவியேற்பில் நான்தான் அவனை அறிமுகம் செய்தேன். குரல் உடைந்துவிட்டது, சந்தோஷத்தில்.

லிட்டோவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல பையன். அவன் அம்மா இப்போதும் சந்தையில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என் பிள்ளை உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருந்தானாமே டீச்சர்," என்று அழுகிறாள். நான் அவளைத் தேற்றி அனுப்புகிறேன்.

தெமியோங்கும் போய்விட்டான். சேவல் காலில் கட்டுகிற கத்தியால் கழுத்து அறுபட்டு அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடந்தான். நண்டு தின்றதுபோக மிச்சம்தான் கிடைத்தது. பந்தயத் தகராறு என்று டெல்ஃபின் சொன்னான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சவப்பெட்டி வாங்கிக் கொடுத்ததே டெல்ஃபின்தான். அவ்வளவு இளகிய மனம் அவனுக்கு.

இப்போது அக்கரைத் தீவுக்காரன் பிடிபட்டு, தன்னை அனுப்பியது டெல்ஃபின் என்கிறானாம். பொய். டெல்ஃபினை அவன் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஏற்பாடு செய்தது நான். நேற்று டெல்ஃபின் என் மடியில் தலைவைத்துக் குழந்தை மாதிரி அழுதான். வாக்குமூலம் கொடுக்க என்னை இங்கே வரச்சொல்லி அவன் கேட்கவில்லை. "வயசானவங்களை ரொம்ப நாள் உள்ள வைக்க மாட்டாங்களாம்மா, வீட்டுக்கே அனுப்பிடுவாங்களாம்," என்று மட்டும் சொன்னான். யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறான். வருவது என்று முடிவு செய்தது நான்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னவள் நான். இன்னொரு பெயரைத் தெரிந்தே சொல்லாமல் விட்டவளும் நான். லிட்டோவைக் கொன்றது என் வாய். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு நானே கண்கண்ட சாட்சி. அன்று அவன் லிட்டோவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தான். எப்போதும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் அறிமுகத்தைத் தொடங்குவேன். அன்றும் மைக்கைக் கையில் எடுத்ததும் பார்த்தேன், முகம் தெரியவில்லை. அதற்குள்ளேயே அவன் மேசைக்கு அடியில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு குண்டும் பாய்ந்து முடிகிறவரை நிமிரவே இல்லை. பாவம், என் பிள்ளை எதையும் பார்க்கவில்லை.