தேன்மிட்டாய் டப்பா

காலையில் வேகமாக நடப்பது உடம்புக்கு நல்லது, சார். நான் அக்காள்மடம் கடற்கரையில் ஒரு நாள் விடாமல் நடக்கிறேன்.

முன்பு எண்பத்து மூன்று கிலோ இருந்தேன். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கும். தவக்காலம் தொடங்கியபோது எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில், உயிர்ப்புப் பெருவிழா வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் நேர்ந்துகொண்டேன். கூட்டத்தை நடத்துகிற ஜாஸ்லின் சும்மா விடவில்லை.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மீன் தராசுல ஏறு. எடை கொறையலைன்னா களவாத் தின்னுருக்கேன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் சர்க்கரை வாங்குவதையே நிறுத்தினேன். மிஞ்சியது என் கணவர் டென்னிஸின் டப்பா மட்டும்தான். அவர் இன்சுலின் போடுகிறவர். கடலில் திடீரென்று சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அதில் தேன்மிட்டாய் இருக்கும். நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஒன்றே ஒன்று என்று டப்பாவைத் திறந்தேன். பன்னிரண்டும் தீர்ந்துவிட்டன. சொல்லவே நாக்கூசுகிறது. மறுபடி வாங்கிவைக்க உடனே பொன்னுச்சாமி கடைக்குப் போனேன். அங்கே ஜாஸ்லின் நின்றாள். சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

டென்னிஸ் கிளம்பும்போது டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பார். அதனால் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டேன். நாளைக்கு வாங்கிவிடலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் அவர் குலுக்கினார். சத்தம் கேட்டது. ஊசி போட்டுக்கொண்டு தனியாகத் தன் சிறு படகில் போனார்.

எட்டு மணிக்கு நான் தராசில் நின்றேன். சுற்றிலும் பெண்கள். ஜாஸ்லின் குனிந்து எண்ணைப் பார்க்கும்போது போன் அடித்தது.

"ஹெலன், டப்பாவுல ஈயக்குண்டுல்ல கெடக்கு. மிட்டாய எங்கன வச்ச? கஞ்சியக் குடிச்சும் கேக்கல. கையெல்லாம் வெடவெடங்குது."

தின்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் தம்பி ரூபஸின் படகும் அந்தப் பக்கம்தான் இருந்தது, அவனைக் கூப்பிட்டு ஓடச் சொல்லியிருக்கலாம். ஜாஸ்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில கெடக்கும், நல்லாத் தேடிப் பாருங்க," என்றேன்.

"சரி, பாக்குறேன்," என்றார்.

ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தேன். பெண்கள் கைதட்டினார்கள்.

மதியம் ரூபஸ்தான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தான். உயிர் இல்லை. எல்லாக் குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார், படகெல்லாம் காகிதம். குண்டுகள் வலைக்கு வைத்திருந்தவை என்று ஊர் நினைத்தது. நான் மறுக்கவில்லை. காகிதம் எதற்கு என்று கேட்டது, விசாரிக்க வந்த நீங்கள் ஒருவர்தான்.

நான்தான் சுற்றினேன், சார். அடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் தேடச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை, ஒருசந்தி இருந்துகொண்டு, பன்னிரண்டு மிட்டாய்.

ஆனால் அடக்கம் முடிந்த அன்றே பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டேன். ஜாஸ்லின் அழுதுகொண்டே கடுங்காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போட்டிருந்தது, வேண்டாம் என்றேன். அந்தத் தவக்காலம் முழுக்க நான் தவறியது ஒரே ஒரு தடவைதான், சார்.